நீலப் பெயிண்டுக்குள் முறிந்த போல்ட்

ஜூன் பதினான்கு, மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள். நள்ளிரவு தாண்டினால் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போகலாம். அன்று பிற்பகல் என் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, இன்ஜின்ல போல்ட் ஒட்ஞ்சி உள்ளயே மாட்டிக்கிச்சி. சீக்ரம் வா."

படகு அவளுடையது. நான் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர்.

இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதைப் பிடித்திருந்த போல்ட்களில் ஒன்று தலை முறிந்து, நக நீளத்துக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அதை எடுக்காமல் பம்பை மாட்ட முடியாது. படகும் கிளம்பாது. பக்கத்துப் படகுக்காரர் தங்கையின் ஆட்களைத் தன் படகுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் ஓட்டத்துக்கு எந்தப் படகில் ஏறுகிறார்களோ, சீசன் முழுக்க அதிலேயே நின்றுவிடுவார்கள். தங்கையின் பயம் அதுதான்.

"ட்ரில்லப் போட்டு நோண்டிடு நைனா" என்றார் படகு டிரைவர்.

"வழுக்கிச்சின்னா துளைக்குள்ள கீற மரையே காலி. அப்பறம் நீ துடுப்புதான் போடணும்."

ஆட்கள் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை.

மற்ற போல்ட்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே நீலம். தடைக்காலத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது எங்கள் ஆட்கள் இன்ஜினையும் விடமாட்டார்கள். போல்ட்களைக் கழற்றிக் கலந்து போட்டு, அதே நீலத்தில் குளிப்பாட்டிவிடுவார்கள். நீளப் போல்ட் போகவேண்டிய துளையிலிருந்து ஒரு குட்டைப் போல்ட் வந்திருந்தது. அப்படியானால் முறிந்தது நீளமானது. குட்டைத் துளையின் அடியில் அது முட்டி நின்றதும், இன்னும் இறங்கவில்லையே என்று இறுக்கித் தலையை முறித்திருக்கிறார்கள்.

"துரு இல்ல. அடியில முட்டிக்கினு கீது. கொஞ்சம் பின்னால வந்தா போதும். நட்டு வச்சி வெல்டிங் பண்ணணும். பெயிண்ட் போயிடும்."

"போனா போவட்டும்ணே."

டீசல் குழாய்களை ஈரச்சாக்கால் மூடினோம். தங்கையே கத்தியால் புதுப் பெயிண்டைச் சுரண்டினாள். முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுவில் வெல்டிங் வைத்தேன். சூடு சற்றுத் தணிந்ததும் அதில் மெழுகுவர்த்தியை வைத்துத் தேய்த்தேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருப்பினேன். அசையவில்லை. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த திருப்பில் போல்ட் விட்டுக்கொடுத்தது. மீதியை விரலாலேயே கழற்றினேன்.

"இன்னா நைனா, பல்லு புட்ங்குற டாக்டரா நீ?" என்றார் டிரைவர்.

பட்டறையில் இதே வேலையை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஒரு படகே காத்து நிற்க, அதைச் செய்து முடித்தது அன்றுதான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

சரியான போல்ட்களைப் போட்டு, பம்பை மாட்டி, இன்ஜினைக் கிளப்பினோம். பம்ப் இழுத்த கடல்நீர் படகின் பக்கவாட்டுக் குழாயில் கொட்டியது. பக்கத்துப் படகிலிருந்து ஆட்களைக் கூப்பிடும் குரல் மறுபடி வந்தது.

"எங்க படகே போவுது மாமு, நீ வேற ஆளப் பாரு" என்று கத்தினான் தங்கையின் ஆள் ஒருவன். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "யக்கா, ஐஸ் ஏத்தலாமா?"

"இன்னாடா கேட்டுகினு? ஏத்து!"