பச்சை வட்டம்

அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம் முழுக்க என் குரல் சிவப்பாகவே இருந்தது. மிக்சி, கிரைண்டர் விற்கும் ஒரு கம்பெனிக்கு, பழுது சொல்லிக் கூப்பிடுபவர்களிடம் கொல்லிமலையில் எங்கள் வீட்டிலிருந்தே போனில் பேசும் வேலை. லேப்டாப்பின் மூலையில் ஒரு வட்டம். என் குரல் அமைதியாக இருந்தால் பச்சை. கோபம் என்று அதற்குத் தோன்றினால் சிவப்பு. சிவந்ததும் திரை மங்கி, ‘மூச்சை மெதுவாக விடுங்கள்’ என்று எழுத்து வரும். அடுத்து என்ன சொல்லவேண்டும் என்பதையும் அதுவே காட்டும். எனக்கோ கோபமே இல்லை. ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குக் குரல் கொடுத்தே வளர்ந்தவளுக்குச் சாதாரணப் பேச்சே அப்படித்தான். அந்தப் பாழாய்ப்போன வட்டத்துக்கு அது எப்படித் தெரியும்?

சிவப்பு அதிகமானால் வேலை போய்விடும். பழகிக்கொண்டேன். ஆறே மாதத்தில், யார் என்ன திட்டினாலும் வட்டம் பச்சையாகவே நின்றது. எனக்கு அதில் பெருமை வேறு.

ஒருநாள் காலையில் தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டாள். அவளை மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். புருஷன் மறுபடியும் அடித்துவிட்டான்.

“அக்கா, நீ வந்து ஒரு சத்தம் போட்டுட்டுப் போ. தெருவே கேக்கட்டும். அப்பத்தான் அவருக்குப் பயம் இருக்கும்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெண்ணை அடித்தால் பிறந்த வீட்டார் போய் வாசலில் நின்று மானத்தை வாங்கிவிடுவார்கள். அப்பா இல்லை, அண்ணன் தம்பி யாரும் இல்லை. நான்தான் போகவேண்டும்.

அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கினேன். வளைவுக்கு வளைவு, அவனைக் கேட்கவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அவன் வாசலில் நின்றிருந்தான். பின்னால் தங்கை, ஒரு கன்னம் வீங்கிப்போய். பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். வாயைத் திறந்தேன்.

“மாப்பிள்ளை, உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க. கொஞ்சம் பொறுமையாப் பேசிக்கலாமுங்களா?”

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தப் பார்த்தேன். அடுத்த வார்த்தை அதைவிட மெதுவாக வந்தது. அவமானத்தில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெளியே வந்த பெண்கள் ஒன்றுமில்லை என்று உள்ளே திரும்பினார்கள்.

அவன் முகம் தெளிந்தது. “உள்ள வந்து உக்காருங்கக்கா” என்றான். பிறகு தங்கையிடம், “உங்கக்கா எத்தனை தன்மையாப் பேசறாங்க, பாத்தியா? கத்துக்கோ” என்றான்.

தங்கை என்னைப் பார்க்கவே இல்லை. காபி போட உள்ளே போனாள்.