கப்பலில் பிறந்த குமட்டல்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பஸ்ஸில் யாராவது எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்தால், முந்தானையில் ஒன்றை முடிந்துவைத்திருந்த என் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த எங்களில், அத்தை குடும்பத்துக்கு இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பாஸ்போர்ட் வந்திருந்தது. எங்களுக்கு வரவில்லை. பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். கப்பலில் வாந்தி எடுத்தால் நோயாளி என்று தனியே இறக்கிவிடுவார்கள், பிள்ளைகள் மட்டும் அக்கரை போய்விடும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரோ சொல்லிவிட்டார்கள். அத்தைக்கோ பஸ் ஏறினாலே குமட்டும். பழகட்டும் என்று மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வெலிமடை பஸ்ஸில் ஏற்றிப்போய்த் திரும்பக் கூட்டிவந்தார். நானும் கூடப் போவேன். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும் அத்தையின் முதுகைத் தடவிக்கொடுப்பேன். “வெலிமடை பஸ்ஸையே கழுவ வச்சவ, கப்பல என்ன பாடு படுத்தப் போறாளோ!” என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். அத்தையும் சிரித்தார். ஆனால் வயிறு காலியாக இருந்தால் வராது என்று அன்றிலிருந்து சோற்றைக் குறைத்துவிட்டார். கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது.

மாமா பயந்துபோய்த் தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் கூட்டிப்போனார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். “இதுக்கு இங்கிலீசில நோசியா எண்டு பேர். கப்பலைக் குறிக்கிற பழைய கிரேக்கச் சொல்லில இருந்து வந்தது. கப்பல் ஏறின சனமெல்லாம் சத்தி எடுத்ததாலதான் அந்தப் பேரே வந்தது. பிறகு உன்னை மட்டும் ஏன் இறக்கப் போகினம்?” என்றார்.

தைரியம் சொல்லத்தான் சொன்னார். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. “அப்ப யாருமே தப்ப முடியாதுங்களா ஐயா?” என்றார்.

போகும் நாளில் ஸ்டேஷன் முழுக்க அழுகை. பெட்டிக்குள் பிள்ளைகள் இருவரையும் அணைத்தபடி உட்கார்ந்திருந்த அத்தை, திடீரென்று குனிந்து வாந்தி எடுத்தார். வெறும் தண்ணீர்தான் வந்தது. கோச்சி கார்டு பார்க்குமுன் மாமா துண்டைப் போட்டு மூடினார். கோச்சி இன்னும் நகரவே இல்லை.

“பாத்தியா, கப்பலு இங்கயே வந்திருச்சு” என்று என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “யார்கிட்டயும் சொல்லிறாத, தாயி.” முந்தானையை அவிழ்த்து, நகம் பட்டுக் கன்றிப்போன அந்த எலுமிச்சம்பழத்தை ஜன்னல் வழியாக என் கையில் வைத்தார். இனி எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. இன்றும் நான் பையில் ஒரு பழம் இல்லாமல் பஸ் ஏறுவதில்லை. எனக்குக் குமட்டல் வருவதில்லை.

மறுநாள் காலையில், பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். அத்தையின் பெயரைக் கூப்பிடவில்லை.