அப்பாவின் தேதியும் அந்தக் கட்டிலும்

கிருமித்தொற்று தொடங்கிய வருடம் நான் ஓர் அரசாங்க மருத்துவமனையில் பதிவு கவுண்டரில் இருந்தேன். அப்பாவுக்கு அதே மருத்துவமனையில் இதயத்தில் பைபாஸ் அறுவை செய்வதாக இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், பாசிர் ரிஸ்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எங்களோடு இருந்தார். அறுவைக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலையில் போன் வந்தது. தேதி தள்ளிப்போகிறது, புதிய தேதி பிறகு சொல்கிறோம், நெஞ்சு வலித்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார்கள்.

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவசரமில்லாத ஆபரேஷனாம். யாருக்கு அவசரமில்ல?"

எனக்குக் காரணம் தெரியும். நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் வேண்டும். அந்தக் கட்டில்களைத் தொற்று நோயாளிகளுக்காக ஒதுக்கிவிட்டார்கள். கவுண்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு இதை நானே பொறுமையாக விளக்கியிருக்கிறேன். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று மதியம் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி ஒருவர், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னை நிறுத்தி, கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். உள்ளே, துவாஸில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதியிலிருந்து வந்த ஒருவர். கப்பல் பட்டறையில் வெல்டர், புதுக்கோட்டைப் பக்கம், வயது முப்பத்திரண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின.

டாக்டர் சீனப் பெண்மணி. மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் விட்டு, சில நாள் இயந்திரத்தால் மூச்சுவிட வைக்கப் போகிறோம் என்று அவரிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லிக்கொண்டே பக்கத்து அறைகளைப் பார்த்தேன். இரண்டு கட்டில்கள் காலியாக இருந்தன. விரிப்பு விரித்து, பக்கத்தில் இயந்திரம் வைத்து, இன்னும் வராத யாருக்காகவோ காத்திருந்தன.

ஒன்று அப்பாவுக்குப் போதுமே என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இவர் நேற்று வந்தவர், அப்பா இந்த ஊரில் பிறந்தவர் என்றும் நினைத்தேன்.

டேப்லெட்டில் அவர் குரல் கேட்டது. "அக்கா, அந்த மெஷினு எங்களுக்கும் குடுப்பாங்களா?"

"என்ன தம்பி கேக்கறீங்க?"

"நாங்க வொர்க் பர்மிட்டுல வேலைக்கு வந்தவங்கக்கா. இந்த ஊர்க்காரங்களுக்குக் குடுத்தது போகத்தானே எங்களுக்கு?"

நான் வெளியே ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனாலும் என் மனதில் ஓடியதையே மூச்சு கிடைக்காத ஒருவர் என்னிடம் கேட்கிறார், அதுவும் அதுதான் முறை என்பதுபோல, குறையாகக்கூட இல்லாமல்.

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர். எனக்குச் சட்டென்று ஆங்கிலம் வரவில்லை. இரண்டாவது முறை கேட்டபோதுதான் சொன்னேன். டாக்டர் ஒருமுறை அந்த வெல்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இப்போது இங்கே அதிகமாக மூச்சுத் திணறுவது அவர்தான். அதற்குமேல் நாங்கள் எதுவும் பார்ப்பதில்லை என்று சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன்.

"சரிக்கா. அப்ப வீட்டுக்கு ஒரு போன் பேசிக்கிறேன்" என்றார் அவர். மனைவியிடம் காய்ச்சல்தான், ரெண்டு நாள் போன் எடுக்க முடியாது என்று மட்டும் சொன்னார். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு நாளில் குழாயை எடுத்தார்கள். அவர் பிழைத்து நடந்து போனார் என்று அந்தப் பிரிவு நர்ஸ் சொன்னார்.

அடுத்த மாதம் அப்பா குளியலறையில் விழுந்தார். மாரடைப்பு. அன்றே அறுவை செய்தார்கள், அப்போது அவருக்குக் கட்டில் கிடைத்தது. உயிர் பிழைத்தாலும் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. முன்பே செய்திருந்தால் இவ்வளவு சேதம் இருந்திருக்காது என்று அறுவை செய்த டாக்டர் மறைக்காமல் சொன்னார். தேக்கா மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வந்தவர், இப்போது லிஃப்ட் வரை நடந்தாலே நின்று மூச்சு வாங்குகிறார்.

போன வருடம்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் நினைத்ததையும் சேர்த்து. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சத்தத்தைக் குறைத்தார்.

"அந்தத் தம்பி பொழச்சிட்டானா?"

"பொழச்சிட்டாருப்பா."

"நல்லதும்மா." ரிமோட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு, "ஆனா ரெண்டு கட்டில் காலியா இருந்துச்சுன்னு சொன்னியே" என்றார்.

"இருந்துச்சுப்பா."

நான் எழுந்து அவருடைய மாலை மாத்திரைகளை எடுத்து வந்தேன்.