இரண்டு ரிமோட், ஒரே சிவப்பு ரிப்பன்

உரிமம் பெறாமல் கம்பியில்லாக் கருவி எதையும் யாரும் வைத்திருக்கக் கூடாது. வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் உரிமம் எடுத்த காலத்துச் சட்டம் அது. பொம்மை விமானத்தை ஓட்டும் ரிமோட்டும் அதில் அடக்கம். இதைத் தெரிந்துவைத்திருந்த பொம்மைப் பிரியர் எங்கள் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். தெரிந்து என்ன பயன் என்று கேட்காதீர்கள்; அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வாரம் சாகுலின் குரல் செய்தி வந்தது. ஷார்ஜாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இந்த ஆனியில் கோட்டாற்றுக்கே திரும்புகிறான். "மக்கா, சின்னதா ஒரு பிளேனு வாங்குவோம். படிக்கியதுக்கு எந்த ரிமோட்டு கொள்ளாம்னு நீ பாத்துச் சொல்லு. ரெண்டு சானல் வேண்டாம் கேட்டியா, மொதல்லயே சொல்லிட்டேன்." பின்னால் யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம்.

டேப்பை இழுக்கும் அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்கு வாசனை வந்துவிட்டது. வளைகுடாப் பெட்டியைத் திறந்தால் வருமே, சோப்பும் அத்தரும் தலைவலித் தைலமும் புதுச் சட்டையும் கலந்த வாசனை, அது. சாகுலின் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தத் தெருவே மணக்கும். அப்போது நான் நாகர்கோவிலில் இளநிலை உதவியாளன். சாகுல் தன் வாப்பாவின் வாட்ச் கடையில் உட்கார்ந்து கடிகாரங்களைத் திறப்பான். சில சமயம் மூடவும் செய்வான். எங்கள் இருவருக்கும் விமானப் பைத்தியம். பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகைகள் செய்த வேலை.

என்ன வேண்டும் என்று மச்சான் எழுதிக் கேட்டிருந்தார். எந்த ரிமோட் என்பதில் ஒரு மாதம் விவாதம். இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கும் விமானம்தான் ஆரம்பத்துக்கு நல்லது, ஆரல்வாய்மொழிச் சரிவில் ஆனி ஆடிக் காற்று சும்மா கிடைக்கிறது, இடவலத்துக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று, ஆக இரண்டு சானல் தாராளம் என்பது என் முடிவு. டெண்டருக்குப் போடுவதுபோல் ஒப்புநோக்குப் பட்டியல்கூடப் போட்டிருந்தேன். சாகுல் அதைப் படிக்கவே இல்லை.

"நாலு இருந்தா ஒண்ணு கெட்டாலும் மூணு நிக்கும்லா?"

"அது என்ன பஸ் டயராடே, ஸ்டெப்னி வைக்கதுக்கு?"

கடைசியில் எனக்கு இரண்டு சானல், அவனுக்கு நாலு என்று மச்சானுக்கு எழுதினோம். மச்சான் பெட்டியைத் திறந்தார். இரண்டும் இரண்டு சானல். வளைகுடாக்காரர்கள் சொந்தபந்தம் எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே டார்ச் வாங்கிவருவது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. "ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல வாங்கிட்டேன். பெறவு அவனுக்கு நல்லது எனக்கு மோசம்னு சண்டைக்கு நிக்கப்பிடாதுல்லா" என்றார்.

அவர் வாங்கியதில் அலைவரிசையும் ஒன்றுதான். அந்தக் கால ரிமோட்டுக்குள் சிறிய கிரிஸ்டல் ஒன்று இருக்கும், அலைவரிசை அதற்குள். எந்த அலைவரிசை என்று பிறருக்குத் தெரிய, ஏரியல் நுனியில் நிறம் பார்த்து ரிப்பன் கட்டுவார்கள். எங்கள் இருவருக்கும் சிவப்பு. ஒன்றை இயக்கும்போது மற்றொன்றைத் தொடக் கூடாது. இதைச் சாகுலிடம் விளக்கமாகச் சொன்னேன். அவன் தலையாட்டியதையும் பார்த்தேன்.

உரிமத்துக்கு டெல்லிக்கு விண்ணப்பித்தேன். மச்சான் கொண்டுவந்த டிவியின் தெர்மகோலில் விமானம் தயாரானது. காற்றும் வந்தது. பதில் மட்டும் வரவில்லை. "காத்துக்கு லைசென்ஸ் இருக்கா மக்கா?" என்று தினமும் கேட்பான் சாகுல். அதற்குள் அவனுக்கு ஷார்ஜா விசா வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பயணம். ஞாயிறு ஒன்றுதான் பாக்கி. சேர்ந்து ஒரு தடவை பறக்கவிடாமல் அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இயக்கத்தான் உரிமம், சோதித்துப் பார்க்க அல்ல என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மேல்முறையீட்டில் நிற்காத தீர்ப்பு.

மேற்குச் சரிவில் நின்று சாகுல் வீசினான். காற்று வாங்கிக்கொண்டது. தலைக்கு மேல் வெள்ளையாக அது அசையாமல் நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கி, மலைமுகட்டை நோக்கிப் போகத் தொடங்கியது. நான் இடப்பக்கம் இழுத்தேன்.

"மக்கா, போவுது! நில்லு, நானும் பிடிக்கேன்!"

சாகுல் தன் ரிமோட்டின் சுவிட்சைப் போட்டுவிட்டான்.

"அணைடே அத!"

"ரெண்டு பேரா பிடிச்சா சீக்கிரம் வரும்லா!"

விமானம் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நடுங்கியது. பிறகு யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்து, முகட்டைத் தாண்டித் திருநெல்வேலி ஜில்லாவுக்குள் போய்விட்டது. அதிகார எல்லைக்கு வெளியே.

"இனி அது அந்தக் கலெக்டர் பாடு" என்று சாகுல் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். செவ்வாய்க்கிழமை அவன் போனான். தன் ரிமோட்டை என்னிடமே விட்டுப் போனான்.

அந்தச் சரிவில் இப்போது காற்றாலைகளும் கம்பி வேலியும். ரிப்பனும் கிரிஸ்டலும் போயின. இன்றைய ரிமோட் காலியான அலையைத் தானே தேடிக்கொள்கிறது. சின்ன ரிமோட்டுக்கு உரிமமே வேண்டாம் என்றாகி நாளாயிற்று. (டிரோனுக்குப் புது விதிகள் வந்திருக்கின்றன. படித்து முடித்துவிட்டேன்.) சாகுலுக்கு நாலு சானலே சொல்லியிருக்கிறேன், இரண்டு செட். இரண்டையும் இணைத்தால் ஒரே விமானத்தை இரண்டு பேர் பிடிக்கலாம். ஒருவர் தடுமாறினால் மற்றவர் பொத்தானை அழுத்தி வாங்கிக்கொள்ளலாம். படிப்பவர்களுக்கான வசதியாம். அன்று சாகுல் செய்ததைத்தான் இப்போது விற்கிறார்கள்.

அந்த வருடம் டெல்லியும் பதில் சொல்லாமல் இருந்துவிடவில்லை. உரிமம் வந்தது, இயக்கும் இடம் ஆரல்வாய்மொழி என்ற குறிப்போடு. அதே தபாலில் சாகுலின் முதல் கடிதமும் இருந்தது: "இங்க காத்தடிச்சா மண்ணுதான் பறக்குது. லைசென்ஸ் வந்துதா மக்கா?" அன்று கார்த்திகை முதல் தேதி. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.