நடுக்கடலில் மலை

கடற்கொள்ளையர் கதைக்குப் படம் போட ஒத்துக்கொண்டபோது நான் கடலை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். காதுகுத்துக்குத் திருச்செந்தூர் போனபோது. அதிலும் பாதி நேரம் தொலைந்த செருப்பைத் தேடியதிலேயே போய்விட்டது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஃபோனில் படிக்கிற கதை அது. சண்டை போடுவதா, தப்பி ஓடுவதா என்று படிப்பவரே திரையைத் தொட்டு முடிவெடுக்க வேண்டும். எழுதியவர் சென்னையில் ஒரு அம்மா. கப்பல், கொள்ளையர் முகம், உடை, பொத்தான் நிறம்வரைக்கும் என் பொறுப்பு. முதல் பதினான்கு காட்சி பிடித்தால் முழுக் கதையும் எனக்கு, இல்லையென்றால் வேறு ஆள். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டுப் சொந்த ஊரான போடிக்குத் திரும்பி எட்டு மாதமாகியிருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் அப்பாவின் ஏலக்காய்க் கடையில் உட்காருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டியிருந்தேன்.

நான் அனுப்பிய பதினான்கையும் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அம்மா வீடியோ காலில் வந்தார். கப்பல் பிரமாதம் என்றார். கொள்ளைக்காரத் தலைவியின் திமிர் பிடித்திருக்கிறது என்றார். அப்புறம் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

“நடுக்கடல்ல எப்படிங்க மலை வந்துச்சு?”

பார்த்தேன். பதினான்கிலும் கடல் முடிகிற இடத்தில் நீலமாக ஒரு மலைவரிசை. நான் வரைந்ததுதான், ஆனால் வரைந்த ஞாபகமே இல்லை. துணி காயப்போடும்போதும் பஸ்சுக்கு நிற்கும்போதும் கண்ணுக்கு எதிரே மலை நிற்கிற ஊர் எங்களுடையது. கை தானாகப் போட்டிருக்கிறது.

“கரை தெரிஞ்சா கப்பல்ல இருக்கறவங்களுக்கு என்னங்க பயம்? நீந்திப் போயிரலாமே. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுங்க. இல்லேன்னா நான் வேற ஏற்பாடு பண்ணணும்” என்றார்.

மலையை அழிப்பது ஒரு சோலியா? அரை மணி நேரம். ஆனால் அழித்த இடத்தை அப்படியே வெறுமையாக விடப் பயமாக இருந்தது. மேகம் வைத்தேன். அது எங்கள் குரங்கணி மலைமேல் இறங்குகிற மேகம் மாதிரி சரிந்து, மறுபடி மலையாகவே நின்றது. இன்னொரு கப்பல் வைத்தேன், கொள்ளையருக்குத் துணைக்கு ஆள் வந்தது போலாகிவிட்டது. எரிச்சலில், காபி ஆறிவிட்டதென்று வீட்டில் என் அம்மாவிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அப்பா மத்தியானம் சாப்பிட வரும்போது எட்டிப் பார்ப்பார். “என்ன ஆத்தா, முடிஞ்சுச்சா?”

“இல்லப்பா.”

மேலே ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காததுதான் எனக்குக் கூடுதல் பயம். கடையில் எனக்கு நாற்காலியே போட்டுவைத்திருப்பார் என்று நினைத்தேன். பருத்த காய், சிறுத்த காய் என்று பிரித்தபடியே கிழவியாகிவிடுவேன் என்று அழுகையாக வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், படுக்கும்போது அந்தக் கடைதான் எனக்குத் தைரியம். என்ன ஆனாலும் அது இருக்கிறதே என்ற நினைப்பில்தான் தூக்கமே வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கை சலித்து, வைத்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தண்ணீர், வானம், நடுவில் கப்பல், அவ்வளவுதான். கப்பலையும் பாதியாகச் சுருக்கினேன். கண் நிற்க ஓர் இடமில்லை. மறுபடி எதையாவது வைத்துவிடும் முன்னால் அனுப்பிவிட்டேன்.

ஃபோனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் வந்தது. “பாக்கவே பயமா இருக்கு. இதான் வேணும். முழுக் கதையும் நீங்களே போடுங்க.”

கடைக்கு ஓடினேன். அப்பா ஒரு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஓகே ஆயிருச்சுப்பா. நான் கடைக்கு வரல. கோச்சுக்காதீங்க.”

அப்பா ஊசியை நிறுத்தவில்லை. “உன்னைய யாரு கூப்புட்டா? போன மாசமே ராசிங்காபுரத்துல இருந்து ஒரு அம்மாவ வேலைக்கு வச்சுட்டேன். அந்தா, உள்ள உக்காந்துருக்கு பாரு.”

உள்ளே ஒருவர் தலை நிமிராமல் காய் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளும் நான் நம்பிப் படுத்த இடம் அது.

“ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லிருந்தா நீ பயந்துருப்ப.”

நான் சிரித்திருக்க வேண்டும். எனக்கும் எட்டுகிற தூரத்தில் கரை இருந்திருக்கவில்லை. பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.