இருபத்தொன்றாம் வீட்டில் பொங்கிய பால்

வீடில்லாத குடும்பத்துக்கு வீடு தேடித் தருவது ஒரு வேலை. தேடித் தந்த வீட்டில் அந்தக் குடும்பத்தைக் குடியிருக்க வைப்பது இன்னொரு வேலை. சம்பளம் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கிப் பத்து வருஷம் திண்டுக்கல்லில் நான் இந்த வேலையைப் பார்த்தேன். ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிறிய சங்கம் அது. தெருவோரத்தில் குடும்பம் நடத்துகிறவர்களைக் கண்டுபிடிப்பது, படிவம் எழுதுவது, ரேஷன் கார்டு வாங்கித் தருவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. படிவங்களோடும் வரிசைகளோடும் வாழ்நாளில் பாதியைக் கழித்த வாசகர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சிதான்.

திரும்பி வந்த சாவி

நான் முதன்முதலாகக் குடியேற்றியது ஒரு மூட்டை தூக்குகிறவரின் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. ரயில் நிலையத்துக்கு எதிரே புளியமரத்தடியில் இருந்தவர்களை, ஊருக்கு வெளியே ஓட்டுவீடு ஒன்றில் கொண்டுபோய் வைத்தேன். பானை, பாய் எல்லாவற்றையும் என் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கத்தை அதற்குப் பிறகு தூங்கியதில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன். மூன்று பேரும் பழைய புளியமரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடு ஒழுகியதா, பூச்சி பொட்டு வந்ததா, யாராவது மிரட்டினார்களா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டினாள் அந்தப் பெண். கடைசியில் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தாள். மரத்தடியில் இருந்தால் வேலைக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போகலாமாம். புது இடத்தில் ஒருவரையும் தெரியாதாம்.

"வீடு நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா புள்ளைய யாரு பாக்குறது? வீடா பாக்கும்?"

விலாசம்

அதற்கு அடுத்த வருஷம் சங்கத்துக்குத் தாடிக்கொம்பு சாலையில் நிலம் கிடைத்தது. அரசாங்க மானியத்தில் ஒரே நீள வரிசையாக இருபத்து நான்கு வீடுகள் கட்டத் தொடங்கினோம். விண்ணப்பம் எழுத நான் போன முதல் இடம், சரக்கு ரயில் நிற்கும் கூடத்தின் பின்சுவர். அங்கே பாண்டியம்மாள் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். வெங்காயப் பேட்டையில் மூட்டை பிரித்து வெங்காயம் பொறுக்கும் வேலை. புருஷன் பழனியில் குதிரைவண்டி ஓட்டினார். மாதம் ஒரு தடவை தலை காட்டுவார்.

அச்சடித்த படிவத்தின் முதல் கட்டம் பெயர். இரண்டாவது கட்டம், தற்போதைய விலாசம். அதைக் காலியாக விட்டால் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே பேனாவைத் திறந்துகொண்டு, "உங்கள் விலாசம் என்னம்மா?" என்று முறையாகக் கேட்டேன். பாண்டியம்மாள் சுவரைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், பிறகு என்னை, கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.

"ஒரு வெலாசம் குடுங்கன்னுதானே சார் உங்ககிட்ட கேக்குறோம். அதையே எங்கிட்ட திருப்பிக் கேட்டா நான் எங்க போறது?"

குலுக்கல்

யாருக்கு எந்த வீடு என்பதில் சண்டை வரக்கூடாது என்று எங்கள் சங்கச் செயலாளர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். நேர்மையான மனிதர். தன் தம்பி கேட்டாலும் சீட்டைக் குலுக்கித்தான் கொடுப்பார். பாண்டியம்மாளுக்கு மூன்றாம் நம்பர் வந்தது. அதே சுவரோரத்தில் அவருக்குப் பக்கத்தில் குடியிருந்த சவரியம்மாளுக்கு இருபத்திரண்டாம் நம்பர். சவரியம்மாள் புருஷனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், புகையிலைக் கிடங்கில் மத்தியானத்துக்கு மேல் வேலை. காலையில் பாண்டியம்மாள் பேட்டைக்குப் போனால் நான்கு பிள்ளைகளையும் சவரியம்மாள் பார்ப்பார். மத்தியானம் அவர் வந்ததும் இவர் கிடங்குக்குக் கிளம்புவார். ஒரே அடுப்பு, ஒரே குழம்புச் சட்டி.

பக்கத்துப் பக்கத்து வீடாக மாற்றித் தரும்படி இருவரும் வந்து கேட்டார்கள். திரும்பி வந்த சாவி எனக்கு நினைவுக்கு வந்தது. செயலாளரிடம் ஓடினேன். "தம்பி, பட்டியல் மேலே போய்விட்டது. ஒருவருக்கு மாற்றினால் இருபத்து நான்கு பேரும் மாற்றச் சொல்வார்கள்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதை அப்படியே வந்து சொன்னேன். பாண்டியம்மாள் இடுப்பில் இருந்த தவழும் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"அஞ்சு வருசமா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சாக்குத் துணிதான் சார். இப்ப பதினெட்டு வீட்டக் கொண்டாந்து வைக்கிறீங்க. மூணாம் நம்பருதான்னா சாவிய நீங்களே வச்சுக்கங்க."

ஆடி

வீடுகளை ஜூலை மூன்றாம் வாரத்தில் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. சாவி வாங்கிய முப்பது நாளுக்குள் குடி வராவிட்டால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இது மானியத்தின் நிபந்தனை. தேதியைக் குறித்தவர் செயலாளர். அவர் மேஜையில் இங்கிலீஷ் காலண்டர் மட்டும்தான் இருந்தது. அந்தத் தேதியில் தவறு இருப்பது எனக்கும் உறைக்கவில்லை. சுவரோரத்தில் போய் உரக்கப் படித்துக் காட்டியபோதுதான் உறைத்தது. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஜூலை மூன்றாம் வாரம் என்பது ஆடி. ஆடி முழுக்க யாரும் புதுவீடு புகமாட்டார்கள். முப்பது நாளும் ஆடியிலேயே கழிந்துவிடும்.

தேதியும் மேலே போய்விட்டது, இனித் தள்ளிவைக்க வழியில்லை என்றார் செயலாளர். இருபத்து நான்கு குடும்பமும் கைக்கு வந்த வீட்டை விட்டுவிடும் போலிருந்தது. சவரியம்மாளாவது சம்மதிப்பார் என்று நினைத்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர்.

"எனக்கு ஆடியும் கெடையாது ஆவணியும் கெடையாது சார். ஆனா ஒரு சனமும் வராத தெருவுல நான் மட்டும் போயி யாருகிட்ட நெருப்பு வாங்குறது?"

பால்

வழி சொன்னவர் பாண்டியம்மாள். ஆனி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டால் வீடு புகுந்ததாகக் கணக்கு. அப்புறம் ஆடியில் பாய் தலையணையோடு வந்தால் அது தன் வீட்டுக்குத் திரும்பி வருவதுதானே தவிர, குடிபுகுதல் ஆகாது. இதைக் கேட்டதும் எல்லார் முகமும் தெளிந்தது. மூன்றாம் நம்பர் வேண்டாம் என்றவர் இதில் இவ்வளவு மும்முரமாக இருக்கிறாரே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை இருபத்து நான்கு குடும்பமும் பால் சொம்போடு வந்து இறங்கின. சுவர் எழும்பியிருந்தது; ஓடு போடவில்லை; கதவும் வரவில்லை. கொத்தனார் நிலைகளின் மேல் சுண்ணாம்பால் நம்பர் எழுதியிருந்தார். காற்று சுழற்றி அடித்தது. மூன்று செங்கல்லை வைத்து, சேலையை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு அடுப்பு மூட்டினார்கள். கையில் பட்டியலோடு நான் ஒன்றாம் நம்பரிலிருந்து டிக் அடித்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் வீடு காலி. ஆளைத் தேடிக்கொண்டு கடைசி வரைக்கும் போனேன். இருபத்திரண்டில் சவரியம்மாள் சிலுவைக் குறி போட்டுவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வீட்டில் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தார். "அம்மா, இது இருபத்தொன்று! உங்கள் வீடு மூன்று!" என்று நான் கத்துவதற்கும், பால் பொங்கிச் செங்கல்லில் வழிவதற்கும் சரியாக இருந்தது. அவர் கை கூப்பிக் கும்பிட்டுவிட்டு நிதானமாகத் திரும்பினார். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எல்லாச் சுவரும் ஒன்றுதான் என்றார். வெங்காய மூட்டையில் எழுதிய நம்பரைப் பார்த்துத்தான் அவர் தினமும் மூட்டை பிரிக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

இருபத்தொன்றுக்கு உரியவர் சின்னாண்டி. பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவர். அவர் பெண்டாட்டியோடும் சொம்போடும் வாசலில் வந்து நின்றார். வழிந்து கிடந்த பாலைப் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் பெண்டாட்டி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் என் தோளைத் தட்டி ஒதுக்கிவிட்டு, மூன்றாம் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"ஒருத்தர் பால் காய்ச்சுன வீட்டுல இன்னொருத்தர் அடுப்பு மூட்டுறது ஆகாது சார். செத்த நேரம் சும்மா இருங்க, மூணாம் நம்பருதான் கெணத்துக்குப் பக்கம்."

பூட்டு

சாவி கொடுக்கும் நாளில் செயலாளர் தாமே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பூட்டு வாங்கி வந்திருந்தார். மலிவாகக் கிடைத்ததென்று வடக்கிலிருந்து வரவழைத்தாராம். பளபளவென்று இருந்தன. பெருமையோடு முதல் பூட்டைச் சின்னாண்டி கையில் கொடுத்தார். சின்னாண்டி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். கீழே கிடந்த ஓர் ஆணியை எடுத்து உள்ளே விட்டார். நாங்கள் மூன்று எண்ணுவதற்கு முன் பூட்டு வாயைத் திறந்தது. செயலாளர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மறுவாரம் சின்னாண்டியே பட்டறையிலிருந்து இருபத்து நான்கு பூட்டுகள் கொண்டுவந்து கொடுத்தார்.

"திண்டுக்கல்லுல இருந்துகிட்டு அசலூருப் பூட்டா? பழனிக்குன்னு கெளம்பி ஒட்டன்சத்திரத்துல மொட்டை போட்டுக்கிட்டு வந்த கதையால்ல இருக்கு!"

சிவப்பு மை

ஆடி பாதியில் மானிய அதிகாரி பார்வையிட வந்தார். கொங்கு நாட்டுப் பக்கத்துக்காரர். பேச்சு மெத்தென்று இருக்கும், பேனா அப்படி இருக்காது. பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பெயர் கேட்டார். பட்டியலில் மூன்றாம் நம்பர் பாண்டியம்மாள்; வீட்டில் சின்னாண்டி. பட்டியலில் இருபத்தொன்றாம் நம்பர் சின்னாண்டி, வீட்டில் பாண்டியம்மாள். விதிப்படி இருவரையும் அவரவர் நம்பருக்குப் போகச் சொல்லலாம். போகச் சொன்னால் பாண்டியம்மாள் சாவியை நீட்டிவிட்டுச் சுவரோரத்துக்கே போய்விடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஏனுங்க, இங்க ஆள் மாறியிருக்குதுங்களே?" என்றார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொய் சொல்ல நேரமும் இல்லை. இருபத்தொன்றாம் வீட்டில் அடுப்புச் செங்கல்லில் பால் வழிந்த கறை அப்படியே இருந்தது. பாண்டியம்மாள் அதைக் கழுவவே இல்லை. அதிகாரி குனிந்து பார்த்தார். பாண்டியம்மாள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வாசலில் சவரியம்மாள் வேலைக்குக் கிளம்பாமல் நின்றார். அதிகாரி சிவப்பு மைப் பேனாவை எடுத்து இரண்டு நம்பரையும் அடித்து, மாற்றி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"பால் காய்ச்சின வீட்டை விட்டு ஒரு பொம்பளையைக் கிளப்பினேன்னு தெரிஞ்சா, எங்க வீட்டுல எனக்குச் சோறு போட மாட்டாங்கங்க."

புகார்

குடியேற்றிய பிறகும் மாதம் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். பாண்டியம்மாள் இப்போது ஒரு நாளும் தவறாமல் பேட்டைக்குப் போனார். மூத்தவள் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போனபோது சவரியம்மாள் என்னை வழிமறித்தார். பாண்டியம்மாள் இரவல் வாங்கின உலக்கையைத் திருப்பித் தருவதில்லையாம். வாசலில் சாணி தெளித்தால் தன் வாசல் வரைக்கும் சேறாகிறதாம். வாய் வேறு அம்புட்டு நீளமாம். "அவளை ரெண்டு வீடு தள்ளிப் போடுங்க சார், புண்ணியமாப் போகும்" என்றார்.

நான் கவலையோடு நோட்டைத் திறந்து, "எழுதிக்கொள்கிறேன் அம்மா, செயலாளரிடம் சொல்லி மாற்றிவிடலாம்" என்றேன். அதுவரைக்கும் அவர் இடுப்பில் உட்கார்ந்து அவர் தாலிக்கயிறு இருந்த இடத்தில் கிடந்த ஜெபமாலையைச் சப்பிக்கொண்டிருந்தது யார் என்று நான் கவனிக்கவில்லை. பாண்டியம்மாளின் சின்னப் பிள்ளை. சவரியம்மாள் என் நோட்டைப் பட்டென்று மூடினார்.

"எழுதிக்கிழுதி வச்சுராதீங்க சார்! மத்தியானம் அவ வந்து இதுகளப் பாத்தாத்தானே நான் வேலைக்குப் போறது? அதுவுமில்லாம, திட்டுறதுக்காச்சும் ஒரு ஆளு பக்கத்துல வேணும்ல?"

சாவியை நீட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் யார் என்று விசாரித்துவிடுகிற ஊழியனுக்கு, அதே குடும்பத்தின் பானையைச் சைக்கிளில் இரண்டாம் முறை கட்டும் வேலை வராது என்பதை மட்டும் என் பத்து வருஷச் சர்வீஸை வைத்து உத்தரவாதமாகச் சொல்வேன்.