உருளைக்கிழங்கு இலக்கியமான விதம்

நான் பத்திரிகையாளன் அல்லன். கல்லூரியில் தமிழும் தர்க்கமும் முறையாகப் பயின்று, எழுத்தின்மேல் கொண்ட ஆர்வம் ஒன்றினாலேயே எழுதியவன். ஆர்வத்தால் எழுதுபவனுக்குச் சம்பளம் கிடையாது. மேலதிகாரி மட்டும் உண்டு. இதனை அறுபதுகளில், போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் பணியாற்றியபோது அறிந்தேன்.

அந்நாளில் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வருவதே எங்களுக்குத் தேர்த்திருவிழா. கடிதமும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அதில்தான் வந்தாக வேண்டும். கப்பலின் சங்கு ஊதிவிட்டால் எங்கள் அலுவலகத்தில் மின்விசிறிகள் மட்டுமே பணியில் இருக்கும். மனிதர் அனைவரும் ஜெட்டி என்னும் கப்பல்துறையில் இருப்பர். இக்காட்சியை உள்ளது உள்ளபடி எழுதிச் சென்னை வார இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். கோணி நிறைய உருளைக்கிழங்கைத் தோளில் சுமந்து, அரசாங்கக் கோப்பினால் தலைக்கு நிழல் செய்துகொண்டு நடந்த 'உயர் பதவியாளர் ஒருவரை'யும் அதில் குறிப்பிட்டிருந்தேன். பண்பு கருதிப் பெயரைத் தவிர்த்தேன்.

இதழ் அடுத்த கப்பலில் வந்து சேர்ந்தது. எங்கள் மேலதிகாரி வங்காளி, தமிழ்ப் பேச்சை அரைகுறையாகச் சமாளிப்பார், படிக்க அறியாதவர். ஆயினும் மொழிபெயர்த்துச் சொல்லும் நல்லுள்ளங்களுக்கு எந்த அலுவலகத்திலும் பஞ்சமில்லை. மறுநாளே என்னை அழைத்தார். பத்திரிகைக்கு எழுத விரும்பும் ஊழியர் முன்அனுமதி பெறவேண்டும். இலக்கியம் எழுத அனுமதி வேண்டியதில்லை. விதி அவ்வாறு இருந்தது. நான் எழுதியது செய்தியானால் என் வேலை போய்விடும்.

"யே க்யா ஹை? நியூஸா, சாஹித்யமா?" என்றார்.

"இலக்கியம், சார். உவமைகள் மிகுதியாக உள்ளன."

அவருக்கு உவமைகளில் நம்பிக்கை இல்லை. சான்று கூறத் தமிழரான தலைமை எழுத்தரை வரவழைத்தார். பணி ஓய்வு பெறுவோருக்கெல்லாம் வாழ்த்துப்பா இயற்றித் தீவில் தாம் ஒருவரே கவிஞர் என்று எண்ணியிருந்தவர் அவர். என் கட்டுரையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதுவா இலக்கியம்? ஒரு குயிலு கூவல, ஒரு மயிலு ஆடல. அன்னிக்கு நடந்ததை நடந்தபடி எழுதி வெச்சிருக்கார், சாப்."

என் எழுத்து வாழ்வில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அது. என்னை வீட்டுக்கு அனுப்பவும் அதுவே போதுமானது.

"அச்சா," என்றார் அதிகாரி. "நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? தும் பி ஜெட்டி மே தா?"

நீயும் ஜெட்டியில் இருந்தாயா என்பது கேள்வி. கவிஞரின் முகம் வெளுத்தது.

"நஹி சாப். நான் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்ல."

அடுத்து, பண்டகக் காப்பாளரை அழைத்தார். அவரும் தமிழர். "நானும் சீட்லதான் இருந்தேன், சாப். அன்னிக்குக் கப்பல் வந்த மாதிரியே ஞாபகம் இல்ல," என்றார். பிறகு அழைக்கப்பட்ட அனைவரும் தத்தம் நாற்காலிகளின்மேல் ஆணையிட்டனர். அதிகாரியும் தம் நாற்காலியில் இருந்தார் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே எவரும் ஜெட்டிக்குச் செல்லவில்லை. எவரும் கிழங்கு சுமக்கவில்லை. எழுதப்பட்டது முழுக் கற்பனை. கற்பனையாயின் இலக்கியம். தர்க்கம் பயின்ற எனக்கு அதில் குறை காண இயலவில்லை.

இறுதியாக அதிகாரி என் முகத்தையே பார்த்து, "சச் போலோ, உண்மையைச் சொல். அப்படி ஒருவரை நீ பார்த்தாயா?" என்றார்.

நான் பொய் சொல்லும் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். "படைப்பாளியிடம் அதைக் கேட்பது மரபன்று, சார்," என்றேன். வேலை பிழைத்தது.

அந்த வாரமே பண்டகக் காப்பாளர் என் குடியிருப்புக்கு வந்தார்.

"அண்ணே, எங்க லம்பா லைன் ஏரியால குழாய்ல பானி வந்து ரொம்ப நாளாச்சு. நீங்க ஒரு கதை எழுதணும்."

"மனு எழுதுங்கள்."

"மனு போட்டா யாரு போட்டதுன்னு கேப்பாங்க. கதைன்னா வம்பில்ல பாருங்க. அப்படி ஒரு குழாயே லம்பா லைன்ல இல்லன்னு நாங்க அத்தனை பேரும் சாட்சி சொல்லிடறோம்ணே."

எழுதினேன், வெளிவந்தது. மரபுப்படி இரண்டு குயில்களும் சேர்த்திருந்தேன். தண்ணீர் வந்ததா என்று சிலர் இன்றும் கேட்கின்றனர். அது பத்திரிகையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி.